பம்பை நிறுத்தச் சொல்லும் பம்புக்காரனின் மடல்

மதிப்பிற்குரிய ஆணையர்கள் மூவருக்கும் வணக்கம்.

போன மாதக் கூட்டத்தில் பேச எனக்கு மூன்று நிமிடம் கொடுத்தீர்கள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே ஆங்கிலத்தில் பேசியதில் பாதி தொண்டையிலேயே நின்றுவிட்டது. ஒரு பக்கச் சுருக்கத்தை உங்கள் எழுத்தரிடம் கொடுத்திருக்கிறேன். அதில் அடங்காததை, எனக்குத் தங்குதடையில்லாமல் வருகிற மொழியில் எழுதுகிறேன். அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் நம் பியோரியா வட்டாரத்துத் தமிழ்க் குடும்பங்கள் சில இதைப் படிக்கும். ஞாயிற்றுக்கிழமை ஆற்றோரம் போய்ப் படம் எடுத்துக்கொண்டு திரும்புகிற அவர்களுக்கும் இந்த ஆற்றின் சங்கதி கொஞ்சம் தெரியட்டும்.

உங்கள் வட்டத்தின் பெயரை நான் எழுதப்போவதில்லை. இல்லினாய் ஆற்றின் இரு பக்கமும் உங்களைப் போன்ற வட்டங்கள் வரிசையாக இருக்கின்றன. ஊர் மாறினாலும் கதை ஒன்றுதான். புதிதாகக் கேட்பவர்களுக்காக ஒரு விளக்கம்: 1879இல் இந்த மாநிலம் சட்டம் ஒன்று கொண்டுவந்தது. ஆற்றுப் படுகையில் நிலம் வைத்திருப்பவர்கள் ஒன்றுகூடிக் கரைக்காப்பு வடிகால் வட்டம் அமைக்கலாம். தங்கள் நிலத்துக்குத் தாங்களே வரி போட்டு, அந்தப் பணத்தில் மண்கரை எழுப்பி, உள்ளே வாய்க்கால் வெட்டி, பம்பு வைத்துத் தண்ணீரை ஆற்றில் தள்ளலாம். மேற்பார்வைக்கு மூன்று ஆணையர்கள். அந்த மூவர்தான் நீங்கள். இப்போது கரையை உயர்த்தவும் பழைய பம்புகளை மாற்றவும் கடன் வாங்கலாமா என்று யோசிக்கிறீர்கள். வேண்டாம் என்று சொல்ல வந்தவன் நான்.

என் யோக்கியதையையும் சொல்லிவிடுகிறேன். நான் பறவை பார்க்கிறவன் இல்லை. கோயம்புத்தூர்க்காரன். எங்கள் ஊரில் பிறந்தவனுக்குப் பம்புச் சத்தம் தாலாட்டு மாதிரி. பதினெட்டு வயதில், பம்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளுகிற இம்பெல்லர் சக்கரம் கடையத் தொடங்கினேன். இங்கே வந்தும் அதே வேலைதான். மூன்று ஆண்டுகளுக்கு முன் உங்கள் இரண்டாம் பம்பின் கீழ் பேரிங் தேய்ந்து அலறியபோது, அதைக் கழற்றி மாற்ற வந்தவர்களில் நானும் ஒருவன். பம்பை விற்றுப் பிழைக்கிறவன் பம்பை நிறுத்துங்கள் என்கிறான் என்றால் அவனுக்கு மூளை குழம்பியிருக்க வேண்டும், இல்லை, எதையோ பார்த்திருக்க வேண்டும்.

அன்று பார்த்தது இதுதான். வேலை முடிந்து பம்பு ஓடத் தொடங்கியதும் கரைமேல் ஏறி நின்றேன். ஜூன் மாதம். இடப்பக்கம் ஆறு. வலப்பக்கம் சோளம். ஆற்றின் நீர்மட்டம் சோளத் தட்டையின் தலைக்கும் மேலே இருந்தது. கரையின் அடிவாரத்தில், வயல் ஓரமாக, ஒரு சாண் அகலத்துக்கு மணல் கொப்பளித்துக்கொண்டிருந்தது. சோற்றுப் பானை கொதிப்பது போலத் தண்ணீர் மணலைத் தூக்கித் தூக்கிப் போட்டு, சுற்றிலும் சின்னப் புற்று கட்டியிருந்தது. உங்களில் மூத்தவர் வந்து அதைச் சுற்றி மணல் மூட்டை அடுக்கச் சொன்னார். பதற்றமே இல்லை, பழகிப்போன விஷயம். கரைக்கு அடியில் இருக்கும் மணல் படுகை வழியாக ஆறு உள்ளே கசிகிறது. கசிந்தது வாய்க்காலில் சேர்கிறது. வாய்க்கால் பம்புக்கு வருகிறது. பம்பு அதை ஆற்றில் விடுகிறது. மழைத் தண்ணீரை இறைக்கிறோம் என்பது உங்கள் கணக்கு. நான் பார்த்த அளவில் வருஷத்தில் பாதி நாள் நீங்கள் ஆற்றையே ஆற்றுக்குள் இறைத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

அது ஆற்றின் குற்றமும் இல்லை, உங்கள் குற்றமும் இல்லை. இந்தப் பள்ளத்தாக்கு இல்லினாய் ஆறு வெட்டியதே இல்லை. 20,000 ஆண்டுகளுக்கு முன்பு பனிப்பாறை வந்து வழியை அடைத்து மேற்கே தள்ளும்வரை மிசிசிப்பிதான் இந்தப் பள்ளத்தாக்கில் ஓடியது. அது விட்டுப்போன இடத்தில் இந்தச் சின்ன ஆறு குடியேறியது. அண்ணன் சட்டையைத் தம்பிக்குப் போட்டுவிட்டது போலத் தொளதொளவென்று அகலம். ஹென்னெப்பின் ஊர் அருகே ஆறு தெற்கே திரும்புகிறது. அங்கிருந்து கிராஃப்டனில் மிசிசிப்பியோடு சேரும்வரை சரிவு கிலோமீட்டருக்கு இரண்டு சென்டிமீட்டர் அளவே. எங்கள் ஊரில் முற்றத்துக்குக்கூட அதைவிட வாட்டம் வைப்பார்கள். இப்படிப்பட்ட ஆறு வசந்தத்தில் பனி உருகியதும் ஓடாது, பரவும். பரவி, வாரக்கணக்கில் நின்று, கோடையில் மெல்ல வடியும். பிரெய்ரி புல்வெளி மேட்டில் தொடங்கி, ஈரப் புல்வெளியாக இறங்கி, கோரையும் சம்பும் நிற்கும் சதுப்பாகி, கடைசியில் ஏரியாக முடிகிற ஒரே சரிவு இந்தப் படுகை.

இந்த இயக்கத்தை முதலில் ஊன்றிப் பார்த்தவர் இங்கே வாழ்ந்த ஸ்டீபன் ஃபோர்ப்ஸ். 1887 பிப்ரவரி 25 அன்று பியோரியாவின் அறிவியல் சங்கத்தில், இதே படுகை ஏரிகளைப் பற்றி அவர் படித்த கட்டுரையைச் சூழலியல் என்கிற துறையின் தொடக்கக் கட்டுரைகளில் ஒன்றாக வைக்கிறார்கள். வெள்ளம் பரவுகிற ஆண்டில் மீன் பெருகும், வெள்ளம் வற்றும்போது எல்லா உயிரும் நெருக்கிப் பிடிபடும், இரண்டும் சேர்ந்ததுதான் ஏரியின் உயிர் என்று விளக்கினார். 1894இல் இதே ஆற்றங்கரையில் இருக்கும் ஹவானா என்ற ஊரில் ஆய்வு நிலையம் ஒன்றையும் தொடங்கினார். உங்கள் தாத்தாக்கள் அப்போது வடிகால் வெட்டத் தொடங்கியிருந்தார்கள். 1908இல் இந்த ஆற்றில் பிடித்த மீன் 2.4 கோடி பவுண்டு, அதாவது ஒரு கோடி கிலோவுக்கும் மேல். அதில் பெரும்பங்கு ஐரோப்பாவிலிருந்து கொண்டுவந்த கெண்டை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அந்தக் கெண்டைக்கு மறுபடி வருவேன்.

இனி என் தலையைத் திருப்பிப்போட்ட விஷயம். சதுப்பு என்றால் எப்போதும் தண்ணீர் நிற்கிற இடம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். நீங்களும் அப்படித்தான் நினைக்கிறீர்கள் என்று கூட்டத்தில் தெரிந்தது. "தண்ணீர்தான் வேண்டுமென்றால் பியோரியா ஏரியில் இல்லாத தண்ணீரா?" என்று உங்களில் ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. பியோரியா ஏரி என்பது ஆறே அகன்று நிற்கிற இடம். அங்கே தண்ணீர் இருக்கிறது, சதுப்பு இல்லை. ஏனென்றால் அது காய்வதே இல்லை.

சதுப்புக்கு வெள்ளம் எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு வறட்சியும் வேண்டும். ஏப்ரலில் வெள்ளம் பரவுகிறது. முழங்கால் ஆழத் தண்ணீர் வெயிலில் சீக்கிரம் சூடேறுகிறது, நுண்ணுயிர் பெருகுகிறது, மீன் ஆற்றைவிட்டு மேலேறி வந்து புல்லுக்குள் முட்டையிடுகிறது. ஜூலையில் தண்ணீர் இறங்குகிறது. சேறு வெளியே தெரிகிறது, காய்கிறது, வெடிக்கிறது. அந்த வெடிப்பில்தான் காட்டுத் தினையும் கோரையும் முளைக்கின்றன. காய்ந்த சேறு அடர்ந்து கெட்டிப்படுகிறது. மறுபடி தண்ணீர் வந்தாலும் எளிதில் கலங்காது. வேர் பிடிமானத்தோடு நிற்கும். செப்டம்பரில் விதை உதிர்கிறது. அக்டோபர் மழையில் தண்ணீர் கணுக்கால் அளவு ஏறும்போது வடக்கேயிருந்து வாத்துகள் வந்து இறங்குகின்றன, இலை போட்டுப் பரிமாறி வைத்ததுபோல.

காயாத சேறு என்ன ஆகும்? 1930களின் இறுதியில் படகுப் போக்குவரத்துக்காக ஒன்பது அடி ஆழம் வேண்டுமென்று பியோரியாவிலும் லாகிரேஞ்சிலும் அணை கட்டினார்கள். கோடையில் நீர் இறங்குவது நின்றது. மேட்டு நிலத்தில் உழுது கரைந்த வண்டல் வந்து வந்து படிந்தது. 1903க்கும் 1985க்கும் இடையில் பியோரியா ஏரி தன் கொள்ளளவில் மூன்றில் இரண்டு பங்கை இழந்துவிட்டது. இப்போது படகிலிருந்து துடுப்பை விட்டால் தயிருக்குள் போவதுபோலப் போகிறது. காற்றடித்தால் அந்தச் சேறு கிளம்பித் தண்ணீரைப் பால் காப்பி நிறமாக்குகிறது. வெளிச்சம் இறங்காது. செடி முளைக்காது. செடி இல்லாததால் அலை தணியாது. அலை தணியாததால் சேறு அடங்காது. 2004இல் இந்தச் சேற்றைத் தோண்டிப் படகிலேற்றி, சிகாகோவில் மூடிப்போன உருக்காலை நிலத்தில் பூங்கா அமைக்கக் கொண்டுபோய்க் கொட்டிப் பார்த்தார்கள். நம் வயலின் மேல்மண் சிகாகோவுக்குப் பயணம் போனது. அது வேறு வேடிக்கை.

இப்போதும் ஆற்றின் மட்டம் ஏறி இறங்குகிறதே என்பீர்கள். ஏறுகிறது, ஆனால் பருவத்துக்கு அல்ல, நாளுக்கு. ஜூலையில் சேற்றில் நாற்று ஒரு விரல் முளைத்திருக்கும். மேலே எங்கோ ஒரு மழை, அடியில் குழாய் பதித்த வயல்களிலிருந்து தண்ணீர் ஒரே மூச்சில் இறங்கி, ஆறு இரண்டு அடி ஏறி மூன்று நாளில் வடிந்துவிடும். நாற்று மூச்சுமுட்டிச் சாகும். பழைய ஆறு வருஷத்துக்கு ஒருமுறை ஆழமாக மூச்சுவிட்டது. இது மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்குகிறது.

இதற்கு ஒரு செடி சாட்சி. உங்கள் கரையின் ஆற்றுப் பக்கச் சரிவில், பம்பு வீட்டுக்குச் சற்றுக் கீழே நிற்கிறது. போன செப்டம்பரில் கண்டேன். என் தலை உயரம். சாமந்திக் குடும்பம். நகக்கண் அளவு வெள்ளை இதழ்கள், வெயிலில் லேசான ஊதா, நடுவில் மஞ்சள் பொட்டு. இலையின் அடிப்பாகம் தண்டோடு ஒட்டிக்கொண்டு கீழே வால் போல இறங்கும், அதுதான் அடையாளம். போல்டோனியா டெகரென்ஸ் என்பது தாவரவியல் பெயர். உலகத்தில் இந்த ஆற்றின் கீழ்ப்பகுதிப் படுகையிலும், அது மிசிசிப்பியோடு சேரும் இடத்தை ஒட்டியும்தான் உண்டு. 1988இல் மத்திய அரசு இதை அழிவின் விளிம்புக்குப் போகக்கூடிய இனமாக அறிவித்தது. கரை கட்டி வெள்ளத்தைத் தடுத்தால் இது செத்துப்போகிறது, தண்ணீர்த் தாகத்தால் அல்ல: வெள்ளம் வந்து பக்கத்துச் செடிகளை மூழ்கடித்துக் கொன்று வெறும் சேற்றை விட்டுப்போனால்தான் இதன் விதைக்கு வெயில் கிடைக்கும். வெள்ளத்தில் மிதந்து வந்து, வெள்ளம் துடைத்த இடத்தில் குடியேறுகிற செடி. உங்கள் புல்வெட்டி இயந்திரம் ஓட்டுகிறவரிடம் அந்த மூலையை அக்டோபர் கடைசிவரை விட்டுவைக்கச் சொல்லுங்கள். இதற்குக் கடன் வாங்க வேண்டியதில்லை.

பம்பை நிறுத்தினால் என்ன நடக்கும் என்று ஊகம் செய்ய வேண்டியதும் இல்லை. ஹவானாவுக்கு எதிர்க்கரையில், டிக்சன் மவுண்ட்ஸ் அருங்காட்சியகத்தின் மாடியிலிருந்து பார்த்தாலே தெரியும். தாம்சன் ஏரி என்று இந்த ஆற்றுக்கே பேர்பெற்ற மீன் ஏரி அங்கே இருந்தது. 1920களின் தொடக்கத்தில் கரை கட்டி, இறைத்து, வயலாக்கினார்கள். எண்பது வருஷம் சோளமும் சோயாவும் விளைந்தன. 2000இல் நேச்சர் கன்சர்வன்சி என்கிற இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு அந்தப் பண்ணையை, ஏறத்தாழ 7,000 ஏக்கரை, விலைக்கு வாங்கியது. 2007இல் பம்பை நிறுத்தினார்கள். ஆற்றைத் திறந்துவிடவில்லை, மழையும் ஊற்றுமே நிரப்பின. எமிக்வான் என்ற பெயரில் 2012இல் அது, உலக முக்கியத்துவம் வாய்ந்த சதுப்புநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் ஏறியது. மேலே ஹென்னெப்பினிலும் வெட்லேண்ட்ஸ் இனிஷியேட்டிவ் அமைப்பு 2001இலேயே இதைச் செய்திருந்தது. தலைமுறைக் கணக்கில் உழுத மண்ணுக்குள் தூங்கிக்கிடந்த விதைகள் அங்கே தண்ணீர் பட்டதும் எழுந்துவிட்டன.

எமிக்வானுக்கு நான் மார்ச்சில் போனேன். ஏரி முழுக்க நாமக்கோழிகள், கறுப்பு உடலும் நெற்றியில் வெள்ளை நாமமும். சிங்காநல்லூர்க் குளத்தில் பார்த்ததற்கு இது ஒன்றுவிட்ட சகோதரம். நூறு கூழைக்கடாக்கள் ஒரே வட்டமாகச் சுற்றி மேலேறின. ஆகஸ்டில் மறுபடி போனபோது கரையோரம் மஞ்சள் தாமரை. தாமரைப் பேரினத்தில் உலகத்துக்கே இரண்டு இனங்கள்தான்: ஒன்று நம் ஊரில், இன்னொன்று இங்கே. அந்த இலையில் தண்ணீர் உருண்டதைப் பார்த்து என் மகள், "அப்பா, இங்கேயும் ஒட்டவில்லை" என்றாள்.

சம்புக்காட்டுக்குள் வைக்கோல்போர் மாதிரி ஒன்று நின்றது. மஸ்க்ராட் என்கிற நீரெலியின் வீடு. அது சம்பை வெட்டித் தின்கிறது, மிச்சத்தில் வீடு கட்டுகிறது. வெட்டிய இடம் திறந்த நீராகிறது. பாதி நீர், பாதி செடி என்று கலந்து கிடக்கும்போதுதான் பறவைகள் அதிகம் கூடு கட்டுகின்றன. நீரெலி மிஞ்சினால் சம்பு ஒழியும்; சம்பு ஒழிந்தால் நீரெலி பட்டினி; ஒரு வறட்சி வந்தால் மறுபடி சம்பு முளைக்கும். யாரும் கூட்டம் போட்டுத் தீர்மானிப்பதில்லை.

இனி எனக்கே பிடிக்காத உண்மை ஒன்று. எமிக்வான் நன்றாக இருப்பதற்கு ஒரு காரணம், பழைய கரை இன்னும் நிற்பது. கரையைத் தகர்த்து ஆற்றோடு சேர்த்தால் வண்டலும் கெண்டையும் உள்ளே வரும். ஹென்னெப்பினில் கெண்டை புகுந்து அடிச்சேற்றைக் கிளறிச் செடிகளை ஒழித்ததால், நீரை வடித்துவிட்டு மறுபடி தொடங்க வேண்டியிருந்தது. ஆற்றில் இன்று அதைவிடப் பெரிய தொல்லை வெள்ளிக் கெண்டை. படகுச் சத்தம் கேட்டதும் ஆளுயரம் துள்ளுகிறதே, அதுதான். குட்டைகளைச் சுத்தம் செய்ய 1970களில் ஆர்கன்சாவுக்கு இறக்குமதியான மீன். தமிழ்நாட்டில் கூட்டு மீன்வளர்ப்பு என்று கட்லாவோடும் ரோகுவோடும் இதையே காசு கொடுத்து வாங்கிக் குளத்தில் விடுகிறோம். இங்கே பிடித்து ஒழிக்கக் காசு கொடுக்கிறார்கள். சாப்பிட வைக்க 2022இல் 'கோபி' என்று புதுப்பெயரும் சூட்டினார்கள். (முள் அதிகம். புளி கூட்டிக் குழம்பு வைத்தால் முள்ளைப் பொறுத்துக்கொள்ளலாம்.)

ஆகவே கரையை உடையுங்கள் என்று நான் கேட்கவில்லை. ஒரு மதகு கேட்கிறேன். எமிக்வானில் 2016இல் அப்படி ஒன்றைக் கட்டி முடித்தார்கள்: வேண்டும்போது நீரை விடவும் வடிக்கவும். ஆறு மறந்துபோன பருவத்தை மதகால் நடத்திக்காட்டுவது. வடிப்பதற்கு உங்கள் பம்பே உதவும். நிறுத்து என்று தலைப்புப் போட்டவன் ஜூலையில் சில வாரம் ஓட்டு என்கிறேன், சிரிக்காதீர்கள்.

இதை முழு வட்டத்துக்கும் கேட்கவில்லை. உங்கள் வரைபடத்தில் தெற்கு மூலை, பழைய ஏரித்தரை. அங்கே வாய்க்கால் தூர்வாரிக் கொட்டிய மண்ணில் நத்தை ஓடுகள் வெள்ளை வெள்ளையாகக் கிடக்கின்றன. ஒரு முழம் தோண்டினேன்: மேலே கறுப்பு, கீழே நீலச் சாம்பல் களிமண், துருக் கோடுகள், அழுகிய முட்டை வாடை. நீர் நின்ற மண். அந்த மூலை மூன்று ஆண்டில் ஒருமுறை விதைப்பையே தின்றுவிடுகிறது என்று நீங்களே கூட்டத்தில் சொன்னீர்கள். அதற்கும் மேட்டு வயலுக்கும் நடுவே ஒரு குறுக்குக் கரை போடுங்கள். இருக்கிற கரையை நான்கு அடி உயர்த்துவதைவிட அதற்கு மண் குறைவு. மேலும், உங்கள் கரையை உயர்த்தினால் அந்தத் தண்ணீர் எங்கே போகும்? எதிர்க்கரைக்காரர் வீட்டுக்கு. 2013 ஏப்ரலில் பியோரியாவில் ஆறு 29.35 அடி ஏறி, 1943இன் உயரத்தையும் தாண்டியது. எல்லாரும் கரையை உயர்த்திக்கொண்டே போனால் அடுத்த முறை எந்த எண் வரும் என்று யோசியுங்கள். சதுப்பு அப்படிப்பட்ட வெள்ளத்தை உறிஞ்சிவிடும் என்று நான் கதை விட மாட்டேன். நிரம்பிய ஏரி நிரம்பியதுதான். ஆனால் அந்த மூலையில் சேறு இருந்தால், வயல் குழாய்களில் வரும் உரத்து நைட்ரேட்டை அதிலுள்ள பாக்டீரியா வெறும் காற்றாக மாற்றி அனுப்பும். இல்லாவிட்டால் அது மெக்சிகோ வளைகுடாவரை போய் அங்கே இறாலின் மூச்சை நிறுத்துகிறது.

உங்கள் உண்மையான தயக்கம் எனக்குத் தெரியும். கூட்டத்தில் யாரும் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. ஒருவர் நிலம் சதுப்பானால் அவர் கட்டும் வரி யார் தலையில் விழும்? பம்புச் செலவு மிச்சப் பேர் மேல் ஏறுமே. நியாயமான பயம். தாம்சனில் வாங்கியவர் கையிலேயே நிலமெல்லாம் இருந்ததால் இந்தச் சிக்கல் எழவில்லை. உங்களிடம் பல குடும்பங்கள். எனவே சதுப்பாகிற நிலமும் கரைக்கான வரியைத் தொடர்ந்து கட்டும் என்று முதலிலேயே ஒப்பந்தத்தில் எழுதுங்கள். மத்திய வேளாண் துறையின் சதுப்புநில ஒப்பந்தத்தில் நிலம் உரியவர் பெயரிலேயே இருக்கும்; நிரந்தரமாகவோ 30 ஆண்டுக்கோ உழவு உரிமையை மட்டும் அவர்கள் பணம் கொடுத்து எடுத்துக்கொள்கிறார்கள்; வாத்து வேட்டை உரிமை உங்களிடமே. இந்த ஆற்றில் வேட்டைக் குத்தகைக்கு என்ன விலை என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? எனக்கு வேட்டை பிடிக்காது. ஆனாலும் இந்தப் படுகையில் தப்பிப் பிழைத்த சதுப்புகளில் பல வேட்டைக்காரர்கள் காசு போட்டுக் காத்தவை என்பதை மறைத்து என்ன பயன்?

சதுப்பு வந்தால் கொசு பெருகுமே என்ற கேள்விக்கு: உங்கள் வாய்க்காலை ஆகஸ்டில் ஒருமுறை எட்டிப்பாருங்கள்.

கடைசியாக என் தொழில் சம்பந்தமான ஒன்று. இரண்டாம் பம்பின் கீழ் பேரிங்கில் மறுபடி அதிர்வு தொடங்கியிருக்கிறது. போன வாரம் கைவைத்துப் பார்த்தேன். வசந்த வெள்ளம்வரை ஓடும். அதற்கப்பால் நான் உறுதி கொடுக்க மாட்டேன். புது பேரிங் வேண்டுமென்றால் எட்டு வாரம் முன்னால் சொல்ல வேண்டும், ஆக ஜனவரிக் கூட்டத்துக்குள் நீங்கள் ஒரு முடிவுக்கு வர வேண்டியிருக்கும். அதற்குள் ஒரு சனிக்கிழமை தெற்கு மூலைக்கு மூவரும் வாருங்கள். மண்வெட்டி நான் கொண்டுவருகிறேன்; ரப்பர் பூட்ஸ் மட்டும் நீங்கள் போட்டுக்கொண்டு வந்தால் போதும்.

இப்படிக்கு,
உங்கள் பம்புக்காரன்